ஒரு தபால்தலையில் தொடங்குங்கள்: புதியவர்களைச் சேகரிப்புக்கு அழைத்து வர முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகளுக்கு 9 வயது ஆனபோது, நான் பள்ளிக் காலத்தில் சேர்த்த ஆல்பம் ஒன்றை அப்படியே தூக்கி அவளிடம் கொடுத்தேன். நாடு நாடாகப் பிரித்து, வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு எழுதி வைத்திருந்த ஆல்பம். பத்துப் பக்கம் புரட்டினாள். "நல்லா இருக்கு மாமா" என்றாள். மூடி வைத்தாள். இரண்டு வருஷம் அது அலமாரியை விட்டு இறங்கவே இல்லை.

அப்புறம் ஒருநாள் நான் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பழைய உறைத் துண்டுகளை ஊறப் போட்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு தபால்தலை காகிதத்தை விட்டுத் தானாகக் கழன்று மிதந்து வந்ததைப் பார்த்தவள், "அடுத்ததை நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். அன்று மாலைக்குள் நாற்பது தபால்தலைகளை எடுத்துக் காயவைத்துவிட்டாள். இன்று அவள் என்னைவிட ஒழுங்காகச் சேகரிக்கிறாள்.

அந்த ஆல்பத்தில் அவள் செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சம் இல்லை. தேடுவது, பிரிப்பது, கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் நானே முடித்து வைத்திருந்தேன். புதிதாக வருபவரைப் பிடித்து நிறுத்துவது பொருள் அல்ல, வேலை. அவர் கையால் செய்யும் வேலை, அவர் கண்ணால் கண்டுபிடிக்கும் விஷயம். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றை வைத்து எழுதியவைதான். ஏற்கெனவே சேகரிப்பவர் இன்னொருவரை அழைத்து வருவதற்காக எழுதியிருக்கிறேன். துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகத் தொடங்குபவரும் இதே வரிசையில் போகலாம்.

விலைப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள்

தபால்தலை என்றதும் பலர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் காரணம் நாம் சொல்லும் கதைகள்தான். 1873-ல் பிரிட்டிஷ் கயானாவில் 12 வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் உறவினர் ஒருவரின் பழைய காகிதங்களுக்கு நடுவே 1856-ஆம் ஆண்டின் ஒரு சென்ட் தபால்தலையைக் கண்டெடுத்தான். கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு மை, மூலைகள் வெட்டப்பட்ட எண்கோண வடிவம். ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். உலகத்திலேயே ஒன்றுதான் இருப்பதாக அறியப்பட்ட அந்தத் தபால்தலை 2014-ல் ஏறக்குறைய 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அருமையான கதை. ஆனால் முதல் நாளே இதைச் சொன்னால், கேட்பவர் தன் வீட்டுப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு தபால்தலையையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். பத்து நாளில் ஏமாற்றம் வந்துவிடும்.

அதற்குப் பதில், உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக்கின் கதையைச் சொல்லுங்கள். 1840-க்கு முன் பிரிட்டனில் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் கட்டணம் கொடுத்தார். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் ஏறியது. ஏழைகள் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியதும் உண்டு. ரோலண்ட் ஹில் என்ற பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றினார்: அனுப்புபவரே முன்கூட்டிக் கட்ட வேண்டும், நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் அரை அவுன்ஸ் வரை ஒரே கட்டணம், ஒரு பென்னி. கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக ஒட்டிய சின்னக் காகிதம்தான் தபால்தலை. 1840 மே 6 முதல் அது செல்லுபடியானது.

இதை வைத்தே விலைக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடலாம். பென்னி பிளாக் சுமார் 6.8 கோடி அச்சிடப்பட்டது. இன்றும் நிறையவே கிடைக்கிறது. பழசு என்பதால் மட்டும் ஒன்று அரிதாகிவிடாது. எத்தனை பிழைத்திருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது. "உன்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய விலை கிடையாது, அதனால்தான் நீ பயமில்லாமல் தொட்டுப் பழகலாம்" என்று நேராகவே சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொல்வது யாரையும் விரட்டுவதில்லை.

முதல் உட்கார்வு: ஒரே ஒரு தபால்தலை

மேசையில் ஒரே ஒரு தபால்தலையும் ஒரு பூதக்கண்ணாடியும் வையுங்கள். வேறு எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் அந்த ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

எதை வைப்பது? என் தேர்வு, 1923-ஆம் ஆண்டின் ஜெர்மானியத் தபால்தலைகளில் ஒன்று. மலிவானது, எளிதில் கிடைக்கும், ஆனால் அதற்குள் ஒரு நாட்டின் துயரமே இருக்கிறது. அந்த வருஷம் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு மணிக்கு மணி விழுந்தது. அச்சடித்து முடிப்பதற்குள் கட்டணம் ஏறிவிட்டதால், பழைய தபால்தலைகளின் மேலேயே புதிய மதிப்பைக் கறுப்பு மையில் மறுபடி அச்சிட்டார்கள். சில மார்க்கில் தொடங்கி, ஆயிரம், லட்சம், கோடி என்று ஏறி, கடைசியில் 5,000 கோடி மார்க் மதிப்புள்ள தபால்தலை வரை போனது. பழைய எண்ணும் அதன் மேல் ஏறிய புதிய எண்ணும் ஒரே காகிதத்தில் தெரியும். பூதக்கண்ணாடி வழியாக அதைக் கண்டவர், "ஏன் மேலே இன்னொரு எண்?" என்று தானாகவே கேட்பார். அந்தக் கேள்வி வரும்வரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமான பகுதி.

கேள்வி வராவிட்டால் மெதுவாக எடுத்துக் கொடுங்கள். எந்த நாடு? என்ன மதிப்பு? அடிப்பகுதியில் பொடி எழுத்தில் ஆண்டோ ஓவியர் பெயரோ இருக்கிறதா? மேலே குத்திய அஞ்சலக முத்திரையில் ஊரும் தேதியும் படிக்க முடிகிறதா? பின்பக்கம் என்ன இருக்கிறது?

நாட்டைக் கண்டுபிடிப்பதே ஒரு நல்ல விளையாட்டு. ஸ்விட்சர்லாந்து தன் தபால்தலைகளில் 'ஹெல்வெட்டியா' என்று போட்டுக்கொள்கிறது. பின்லாந்து 'சுவோமி', ஹங்கேரி 'மக்யார்', ஸ்வீடன் 'ஸ்வேரிகே', குரோவேஷியா 'ஹர்வாட்ஸ்கா'. பழைய சோவியத் தபால்தலைகளில் ஆங்கில எழுத்தில் 'சி சி சி பி' என்று இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவை ரஷ்ய எழுத்துகள், 'எஸ் எஸ் எஸ் ஆர்' என்று படிக்க வேண்டும். நாட்டின் பெயரே இல்லாமல் அரசர் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பிரிட்டன். முதன்முதலில் வெளியிட்டபோது வேறு நாடுகளிடம் தபால்தலை இல்லாததால் பெயர் போடத் தேவை ஏற்படவில்லை. இன்றுவரை அப்படியே தொடர்கிறது.

எங்கிருந்து சேர்ப்பது

கடைக்குப் போவதற்கு முன் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கும் பழைய கடிதக் கட்டுகள், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், தினமும் தபால் வரும் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள். கேட்பதற்குக் கூச்சப்படும் பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களோடு முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் கடிதத்தோடு ஒரு கதையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழைய உறை முழுசாகக் கிடைத்தால் உடனே கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. உறை எங்கிருந்து கிளம்பியது, எந்த ஊர்கள் வழியாகப் போனது, எத்தனை நாளில் சேர்ந்தது என்பதை அதன் முன்னும் பின்னும் குத்திய முத்திரைகள் சொல்லும். போர்க்காலத் தணிக்கை ஒட்டு இருக்கலாம், முகவரியில் ஆள் இல்லை என்ற குறிப்பு இருக்கலாம். தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்தால் இவ்வளவும் குப்பைக்குப் போகும். அஞ்சல் வரலாறு என்று தனியாக ஒரு சேகரிப்பு வகையே இருக்கிறது, அதில் உறைதான் முக்கியம். சந்தேகம் வந்தால் உறையை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். பிறகு எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், வெட்டியதை ஒட்ட முடியாது.

கேட்டுச் சேர்த்தது போதாதபோது, எடைக்கு விற்கும் கலவைப் பொட்டலம் ஒன்று வாங்கலாம். உறைத் துண்டோடு இருக்கும் பல நாட்டுத் தபால்தலைகள் அதில் கலந்து கிடக்கும். ஒரே மாதிரி இருபது வரும், பரவாயில்லை. அந்த இருபதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிற வேறுபாடு, விளிம்பில் இருக்கும் துளைகளின் வேறுபாடு எல்லாம் கண்ணுக்குப் பழகும். அழகாக ஜோடித்து விற்கும் தயார்த் தொகுப்புகளை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் முடிக்கப்பட்ட ஆல்பம் போலத்தான், செய்ய வேலை இருக்காது.

தண்ணீர்க் கிண்ணம்

என்னைக் கேட்டால், புதியவரைச் சேகரிப்பாளராக மாற்றும் இடம் இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

தபால்தலையைச் சுற்றி அரை சென்டிமீட்டராவது காகிதம் இருக்கும்படி உறையை வெட்டிக்கொள்ளுங்கள். விளிம்புத் துளைகளுக்கு மிக அருகில் வெட்டினால் துளைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பல் போனாலும் போனதுதான். வெட்டியவற்றைத் தண்ணீரில் போடுவதற்கு முன் பிரிக்க வேண்டும். சிவப்பு, பச்சை போன்ற அடர்நிற உறையில் இருப்பவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். அந்தச் சாயம் கரைந்து மற்ற எல்லாவற்றிலும் ஏறிவிடும். ஊதா நிற முத்திரை மையும் அப்படித்தான் கரையும். இவற்றைக் குளிர்ந்த தண்ணீரில் ஒவ்வொன்றாக, தனிக் கிண்ணத்தில் செய்ய வேண்டும்.

மற்றவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, பத்து முதல் இருபது நிமிடம் விடுங்கள். கிண்ணத்தை நிரப்பிவிடாமல், ஒன்றின் மேல் ஒன்று படியாத அளவுக்குப் போதும். பசை இளகியதும் தபால்தலை தானாக நழுவும். நழுவாவிட்டால் இன்னும் நேரம் கொடுங்கள். உரிக்கக் கூடாது. ஈரக் காகிதம் மிகவும் பலவீனமானது, இழுத்தால் பின்பக்கத்தில் ஒரு படலம் பிய்ந்து அந்த இடம் மெலிந்துவிடும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது, வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

கழன்றதைச் சுத்தமான தண்ணீரில் இன்னொரு முறை அலசி, பின்பக்கத்தில் மிச்சம் இருக்கும் வழவழப்பை விரலால் மெதுவாகத் தடவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது தாளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு படம் கீழே பார்க்கும்படி வெள்ளைத் தாள் மேல் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும். முக்கால்வாசி காய்ந்து லேசாகச் சுருளத் தொடங்கும்போது, மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் தட்டையாக இருக்கும். அதை எடுத்துப் பார்க்கும் முகத்தை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஊறவைக்கக் கூடாது. பயன்படுத்தாத, பின்பக்கப் பசை அப்படியே இருக்கும் தபால்தலை தண்ணீரைப் பார்க்கவே கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனும் அதன் காலனிகளும் வெளியிட்ட சில பச்சை, ஊதாத் தபால்தலைகளில் வேண்டுமென்றே கரையும் மையைப் பயன்படுத்தினார்கள். முத்திரையை அழித்துவிட்டு மறுபடி ஒட்டி ஏமாற்றுபவர்களைத் தடுக்கத்தான். தண்ணீரில் போட்டால் நிறம் வெளிறிவிடும். இன்றைய ஸ்டிக்கர் வகைத் தபால்தலைகள் இன்னொரு தொல்லை. சிலவற்றில் தண்ணீரில் கரையும் படலம் இருக்கும், பலவற்றில் இருக்காது. ஒரு மணி நேரத்தில் கழலாவிட்டால் காகிதத்தோடு சேர்த்தே ஒரே அளவு ஓரம் விட்டு வெட்டி வைத்துக்கொள்ளலாம். இப்போது பல சேகரிப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கருவிகள், குறைவாக

மூன்றே மூன்று. தபால்தலைக்கென்றே செய்த இடுக்கி, ஒரு ஸ்டாக் புக், பத்து மடங்கு வரை பெரிதாக்கும் ஒரு லென்ஸ். இடுக்கியின் நுனி தட்டையாக, வழவழப்பாக இருக்க வேண்டும். மருந்துப் பெட்டியில் இருக்கும் கூர்நுனி இடுக்கி காகிதத்தைக் குத்திவிடும். விரலில் எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். தோலின் எண்ணெயும் வியர்வையும் காகிதத்தில் இறங்கி, வருஷங்கள் கழித்து மஞ்சள் கறையாக வெளிவரும். காரணத்தைச் சொல்லிவிட்டு ஒரு வாரம் பழகவிடுங்கள், அப்புறம் அவர்களாகவே விரலால் தொட மாட்டார்கள்.

ஸ்டாக் புக் என்பது பக்கத்துக்குப் பக்கம் படுக்கைவாட்டில் பட்டைகள் உள்ள புத்தகம். ஒட்டாமல் சொருகி வைக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி அடுக்கலாம். புதியவருக்கு மனசு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அச்சடித்த கட்டங்கள் உள்ள ஆல்பத்தைவிட இதுதான் பொருத்தம். கட்டம் போட்ட ஆல்பம் இன்னும் என்ன இல்லை என்பதையே திரும்பத் திரும்பக் காட்டும்.

எதைச் சேர்ப்பது: அவர் முடிவு செய்யட்டும்

கையில் இருநூறு முந்நூறு சேர்ந்ததும் ஒருநாள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டுங்கள். "உனக்குத் தோன்றியபடி பிரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள். அரை மணி கழித்து வந்து பாருங்கள். சிலர் நாடுவாரியாகப் பிரித்திருப்பார்கள். சிலர் நிறவாரியாக. ஒரு நண்பர் மனித முகங்களை ஒருபுறமும் மற்ற எல்லாவற்றையும் இன்னொரு புறமும் வைத்திருந்தார். அவர் என்ன சேர்க்கப் போகிறார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

ஒரு நாட்டைச் சேர்ப்பது பழைய வழி. தொடக்கம் முதல் இன்றுவரை வரிசையாகப் போகலாம். ஒரு கருப்பொருளை எடுத்துக்கொள்வது இன்னொரு வழி: பறவை, ரயில், கலங்கரை விளக்கம், மருத்துவம், விண்வெளி. கருப்பொருளில் ஒரு ஆபத்து உண்டு. 'பறவை' என்று தொடங்கினால் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன, மூச்சு முட்டும். அதனால் சுருக்கச் சொல்லுங்கள். பறவையில் ஆந்தை மட்டும். இன்னும் நல்லது, கருப்பொருளுக்குப் பதில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வது. 'பறக்காத பறவைகள் எந்தெந்த நாடுகளின் தபால்தலைகளில் வந்திருக்கின்றன?' 'ஒரு நாடு விடுதலை பெற்றவுடன் முதலில் எதைத் தபால்தலையில் போட்டது?' இப்படிக் கேள்வியோடு சேர்ப்பவர் சீக்கிரம் சலித்து நான் கண்டதில்லை.

என் அக்கா மகள் தேர்ந்தெடுத்தது தவறுகள். தபால்தலை ஓவியத்திலேயே நடந்த தவறுகள். 1903-ல் செயின்ட் கிட்ஸ் நெவிஸ் வெளியிட்ட தபால்தலையில் கொலம்பஸ் தொலைநோக்கி வழியாகக் கரையைத் தேடுகிறார். கொலம்பஸ் இறந்தது 1506-ல். தொலைநோக்கி வந்தது அதற்கு நூறு ஆண்டுக்குப் பிறகு. 1956-ல் கிழக்கு ஜெர்மனி இசையமைப்பாளர் ஷூமானுக்குத் தபால்தலை வெளியிட்டது. பின்னணியில் இருந்த இசைக்குறிப்பு இன்னொரு இசையமைப்பாளரான ஷூபர்ட்டுடையது. தவறு தெரிந்ததும் சரியான குறிப்போடு மறுபடி வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அமெரிக்கா வெளியிட்ட சுதந்திர தேவி தபால்தலை ஒன்றில் இருப்பது நியூயார்க் சிலை அல்ல, லாஸ் வேகாஸில் இருக்கும் நகல். ஒவ்வொன்றுக்கும் கீழே தன் கையெழுத்தில் நாலு வரி எழுதி வைக்கிறாள். அந்த நாலு வரியை எழுத அவள் படித்த பக்கங்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

இந்த எழுதும் பழக்கத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, என்ன தெரிந்துகொண்டோம். தபால்தலையின் மேல் எழுதாமல், பக்கத்தில் ஒரு சீட்டில்.

நிலையைப் பார்க்கும் கண்

இதைப் பாடமாக நடத்த வேண்டாம். ஒரே தபால்தலையின் ஐந்து பிரதிகளைக் கொடுத்து, "ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பாய்?" என்று கேளுங்கள். படம் நடுவில் இருக்கிறதா, பற்கள் முழுசாக இருக்கின்றனவா, மடிப்போ கிழிசலோ உண்டா, முத்திரை முகத்தை அப்பிவிட்டதா என்று அவராகவே ஒப்பிடத் தொடங்குவார். சேதமான பிரதிதான் கையில் இருக்கிறது என்றால் அதையும் வைத்துக்கொள்ளட்டும், நல்லது கிடைத்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

அட்டவணைப் புத்தகமும் துளை அளவும்

மூன்று நான்கு மாதம் கழித்து, ஒரு சந்தேகம் வரும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தபால்தலைகள் உண்மையில் ஒன்றுதானா? அப்போதுதான் தபால்தலைகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிடும் கேட்டலாக்கை அறிமுகப்படுத்த வேண்டும், அதற்கு முன் வேண்டாம். பிரிட்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ், அமெரிக்காவின் ஸ்காட், ஜெர்மனியின் மிஷெல், பிரான்ஸின் இவேர் எ டெலியே ஆகிய நான்கும் பெரியவை. ஒவ்வொன்றுக்கும் சொந்த எண் வரிசை உண்டு. அதனால் எண் குறிக்கும்போது எந்தக் கேட்டலாக் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். நூலகத்தில் இருக்கும் பழைய பதிப்பே பழகப் போதும். அதில் போட்டிருக்கும் விலை, நல்ல நிலையில் இருப்பதை வியாபாரி விற்கும் விலையின் ஒரு மதிப்பீடு. நாம் விற்கப் போனால் அது கிடைக்காது. இதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

துளை அளவு என்றால், 2 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்ற கணக்கு. அதற்கென்று அளவுகோல் விற்கிறது. 14 × 15 என்று எழுதியிருந்தால் முதல் எண் மேல் கீழ் விளிம்புக்கு, இரண்டாவது பக்க விளிம்புக்கு. தொடக்க காலத்தில் துளையே கிடையாது, கத்தரிக்கோலால்தான் வெட்டினார்கள். ஹென்றி ஆர்ச்சர் என்பவர் துளையிடும் இயந்திரத்துக்காகப் பல வருஷம் போராடி, 1854-ல்தான் பிரிட்டன் துளையிட்ட தபால்தலைகளை முறையாக வெளியிட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் சில காகிதங்களில் கிரீடமோ எழுத்தோ மங்கலாகத் தெரியும், அது நீர்க்குறி. படம் ஒன்றாக இருந்தாலும் துளையோ நீர்க்குறியோ மாறினால் அது வேறு தபால்தலை. இந்த உண்மையைத் தன் கையால் அளந்து கண்டுபிடிக்கும் நாளில் புதியவர் என்ற பெயர் அவருக்குப் பொருந்தாது.

ஏமாறும் இடங்கள்

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அஜ்மான், புஜைரா போன்ற சிறிய வளைகுடா அமீரகங்களின் பெயரில் பளபளப்பான தபால்தலைகள் ஏராளமாக வந்தன. சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே அச்சிட்டவை, பெரும்பாலானவை எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாதவை. மூலையில் அளவெடுத்தாற்போல் முத்திரை, பின்னால் பசை அப்படியே. அச்சகத்திலேயே குத்திய முத்திரை அது. படம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1923 ஜெர்மனித் தபால்தலைகளிலும் ஒரு விசித்திரம் உண்டு. பலவற்றில் பயன்படுத்தாததுதான் மலிவு, உண்மையாகவே அந்தக் காலத்தில் பயன்படுத்தியது அரிது. அதனால் பின்னாளில் போலி முத்திரை குத்தியவையும் சுற்றி வருகின்றன.

'குறைந்த எண்ணிக்கையில்' என்ற விளம்பரத்தைப் பார்த்துப் புதியவர் மயங்கினால், 1962-ல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்லுங்கள். ஐ.நா. பொதுச் செயலராக இருந்த டாக் ஹமர்ஷீல்ட் நினைவுத் தபால்தலையில் மஞ்சள் பின்னணி தலைகீழாக அச்சாகி, சில தாள்கள் வெளியே வந்துவிட்டன. கையில் கிடைத்தவர்கள் கொண்டாடினார்கள். அஞ்சல் துறை அதே தவறோடு கோடிக்கணக்கில் வேண்டுமென்றே அச்சிட்டு விற்றது. அரிது என்பது ஒரே நாளில் காணாமல் போனது.

பாதுகாப்பது

ஈரம்தான் பெரிய எதிரி. காற்றில் ஈரப்பதம் அதிகமானால் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படரும், ஒன்றிலிருந்து பக்கத்தில் இருப்பதற்கும் போகும். புள்ளி விழுந்ததை உடனே பிரித்துவிட வேண்டும். ஸ்டாக் புக்கைப் படுக்கவைத்து மேலே மேலே அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், நடுவில் காற்று போக இடம் விட்டு. மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டினாலே பாதிப் பாதுகாப்பு. வெயில் நேராகப் படும் அலமாரி வேண்டாம், நிறம் போகும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் காகிதத்தைக் கெடுக்கும். பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர் உறைகள் பரவாயில்லை. செல்லோடேப், சாதாரணப் பசை, லேமினேஷன் மூன்றும் தபால்தலையைக் கொன்றுவிடும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பக்கத்தில் ஒட்ட வேண்டுமானால் முத்திரை விழுந்த சாதாரணத் தபால்தலைகளுக்கு ஹிஞ்ச் என்ற சின்னப் பசைத்தாள் துண்டு, பயன்படுத்தாதவற்றுக்கு மவுண்ட் என்ற பிளாஸ்டிக் உறை.

ஆறாம் மாதம்

தொடங்குபவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் ஆறாவது மாதத்தில். முதல் வேகம் அடங்கி, புதிதாக எதுவும் வராத நேரம் அது. இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான்: அவருக்குத் தபாலில் கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தபால்தலை ஒட்டி, அஞ்சலகத்தில் கொடுத்து முத்திரை தெளிவாக விழும்படி கேட்டு அனுப்புங்கள். வெளியூர் போனால் அங்கிருந்து ஒன்று. தன் பெயருக்கு வந்த உறையை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

அதோடு மாற்றிக்கொள்ள ஒரு ஆளையும் கண்டுபிடித்துக் கொடுங்கள். இரட்டைப் பிரதிகளை வைத்துக்கொண்டு, "இதுக்கு அது" என்று பேரம் பேசும்போதுதான் தன்னிடம் இருப்பது என்ன என்பதே அவருக்குப் புரியும். சங்கம் இருந்தால் ஒருமுறை கூட்டிப் போங்கள், ஆனால் மூத்தவர்கள் நடுவில் தனியாக விட்டுவிடாதீர்கள். கண்காட்சிக்குப் போனால் எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். தபால்தலைப் பக்கங்களை மாட்டிய ஒரே ஒரு காட்சிச் சட்டத்தின் முன் நின்று, அதை அமைத்தவர் ஏன் இந்த வரிசையில் வைத்தார் என்று பேசுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவரையும் ஒரு பக்கம் அமைக்கச் சொல்லுங்கள். எட்டுத் தபால்தலை, ஒரு தலைப்பு, நாலு நாலு வரி. முடித்ததும் வேறு யாருக்காவது அவரே விளக்கட்டும்.

உங்களுக்குத் தெரியாததை அவர் கேட்கும் நாள் வரும். அன்று பதிலைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்காதீர்கள், கேட்டலாக்கை அவர் பக்கம் தள்ளுங்கள்.

போன மாதம் என் அக்கா மகள் அந்தப் பழைய ஆல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "மாமா, இதைப் பிரிச்சிடட்டுமா? ஹிஞ்ச் எல்லாம் பழுப்பாயிடுச்சு. நாலு இடத்தில் நாடு மாத்தி ஒட்டியிருக்கீங்க" என்றாள். சரி என்றேன். தண்ணீர் கொண்டுவரப் போனாள்.